ஏழு பேர் உட்காரும் கார்

நான் தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் வீட்டில் பெரிய கார் வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு நடந்தது. வாங்க வேண்டும் என்ற கட்சியில் அப்பாவும் நானும். அம்மா எதிர்க்கட்சி. சித்தி எந்தக் கட்சியும் இல்லை. பேச்சு தொடங்கினாலே எழுந்து, ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடி துடைக்கப் போய்விடுவார்.

சித்தி எங்களோடு இருந்த காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா, சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தார். ஒரு காலை வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சித்தி திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தவர். இங்கே அவருக்கு எங்களை விட்டால் ஆளில்லை. காரியங்கள் முடிந்ததும் அவரையும், என்னைவிட ஒரு வயது சின்னவளான அவர் மகளையும், இன்னும் நடக்கத் தொடங்காத மகனையும் அப்பா சுவா சூ காங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். என் அறை அவர்களுக்குப் போனது. நான் அப்பா அம்மா அறையில், தரையில் மெத்தை விரித்துப் படுத்தேன்.

ஆரம்பத்தில் சித்தி சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அம்மாதான் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டார். பாலர் பள்ளியில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த களைப்போடு ஊட்டினார். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அம்மாவுக்கு அநியாயம்.

எங்கள் கார் சின்னது. பின்னால் குழந்தையின் இருக்கையைப் பொருத்திய பிறகு இரண்டு பேர்தான் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குக் கோயிலுக்கும் மளிகைக்கும் போகும்போது ஆறாவது ஆளுக்கு இடமிருக்காது. அந்த ஆறாவது ஆள் எப்போதும் சித்திதான். "நீங்க கார்ல போங்க மாமா. நான் எம்ஆர்டி ரயில்ல வந்துடறேன்" என்பார். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, எங்கள் கார் முனையில் திரும்பி மறையும் வரை அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்று பார்ப்பார்.

ஒரு ஞாயிறு அவர் வந்து சேரவில்லை. சிராங்கூன் சாலையில் வார விடுமுறையில் வந்திருந்த வெளிநாட்டு ஊழியர் கூட்டத்துக்கு நடுவே காத்திருந்தோம். குழந்தை பசியில் கத்தியது. கைப்பேசியை அவர் எடுக்கவில்லை. எங்களைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு அப்பா தேடிப் போனார். நியூட்டன் நிலையத்தில், ரயில் மாற வேண்டிய இடத்தில், மேடைப் பலகையில் சித்தி உட்கார்ந்திருந்தாராம். வந்த ரயில்களையெல்லாம் போகவிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

"ரயில் மாறத் தெரியலையாம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. அத்தனை வாரமாக மாறி வந்தவர்தானே?

மறுநாளே அப்பா ஏழு பேர் உட்காரும் கார்களின் படங்களோடு வந்தார். நானும் சித்தியின் மகளான தங்கையும் மூன்றாவது வரிசை எங்களுக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டோம். அம்மா படங்களைத் தொடவில்லை.

"இதை எடுத்தா, உரிமம் இருக்கிற பத்து வருஷமும் வச்சிருக்கணும்லா. பத்து வருஷமும் இப்படியேவா?"

"அவங்க எங்க போவாங்க, சொல்லு?"

"இன்னொரு பிள்ளை வேணும்னு நான் கேட்டப்ப, இடம் பத்தாதுன்னு சொன்னது யாரு? இப்ப மட்டும் இடம் எங்கேர்ந்து வந்துச்சு?"

அப்பா படங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். இடம் பத்தவில்லை என்றுதானே பெரிய கார் வாங்குகிறோம், இதற்கு ஏன் அம்மா அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை கார் பார்க்கப் போனோம். அன்று சித்தியை ரயிலில் விட அப்பா சம்மதிக்கவில்லை. ஆறு பேர் ஏறும் வாடகைக் காரை அழைத்தார். காட்சிக்கூடத்தில் எங்களைக் கவனிக்க வந்த விற்பனையாளர் தமிழ் இளைஞர். கதவுகளைத் திறந்து விட்டார். தங்கையும் நானும் கடைசி வரிசைக்குத் தாவினோம். சித்தி குழந்தையோடு நடு வரிசையில் விளிம்பில் உட்கார்ந்தார், யாரோ எழுப்பப்போகிறார்கள் என்பதுபோல.

"ஃபேமிலியில எத்தனை பேர் சார்?" என்று விற்பனையாளர் கேட்டார்.

"ஆறு" என்றார் அப்பா.

"மூணு" என்றார் அம்மா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அந்த இளைஞர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருவரையும் பார்த்தார். எனக்குச் சட்டென்று விடை தெரிந்துவிட்டது. "அம்மா பெரியவங்கள மட்டும் எண்ணுறாங்க அங்கிள். பெரியவங்க மூணு, பிள்ளைங்க மூணு!" என்று கத்தினேன்.

"ஓ, ஓகே ஓகே" என்று அவர் நிம்மதியாகச் சிரித்தார். ஒரு கணக்கைத் தீர்த்துவைத்த பெருமை எனக்கு. சித்தி திரும்பி என்னைப் பார்த்தார். கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். அம்மா வெளியே போய், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் சித்தி சொன்னார். "நான் இங்க தங்கறதுக்கு அனுமதி கேட்டு நீங்க எழுதிப் போட்டிருக்கீங்களே, அத விட்டுடுங்க மாமா. அண்ணன் ஊருக்கு வரச் சொல்றாரு." அவருடைய அண்ணன் தொலைபேசியில் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார். 'இரு' என்று அம்மா சொல்வதற்காகக் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா தங்கையின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "நல்லாச் சாப்பிடு" என்றார்.

அவர்கள் புறப்பட்ட அன்று, காரில் இடமில்லை என்று சொல்லி அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டார். சித்தியைக் கட்டிக்கொண்டு மின்தூக்கிக் கதவை அவர்தான் அழுத்திப் பிடித்திருந்தார். அது பீப் பீப் என்று கத்தத் தொடங்கியும் விடவில்லை. சித்திதான் மெல்ல, "கைய எடுங்கக்கா" என்றார்.

சாங்கியில் தங்கை கண்ணாடிக்கு அப்பால் திரும்பித் திரும்பிக் கையாட்டினாள். உள்ளே போகுமுன் குழந்தை அப்பாவின் சட்டையை விடமாட்டேன் என்று அழுததை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது பின்னிருக்கையில் நான் ஒருத்திதான். குழந்தையின் இருக்கைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

"இனிமே பெரிய கார் வேணாம்லா அப்பா?"

"வேணாம்மா."

விரைவுச்சாலையில் சுவா சூ காங்குக்குப் பிரியும் வழி வந்தது. அப்பா அதைத் தாண்டிப் போனார். நேராகத் தீவின் மேற்கு முனையான துவாஸ் வரை போனார். கிடங்குகளும் பாரந்தூக்கிகளும், ஊழியர்களை ஏற்றிய லாரிகளும் கடந்து போயின. சாலை முடிகிற இடத்தில் திரும்பி, வந்த வழியே மறுபடி ஓட்டினார். வீட்டு வழியை மறுபடியும் விட்டுவிட்டார்.

தங்கை போன வருத்தத்தை மறக்கடிக்க என்னை ஊர் சுற்றிக் காட்டுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். இப்படி ஒரு அப்பா என் வகுப்பில் யாருக்கும் இல்லை. முன்னிருக்கையைப் பிடித்து எழுந்து, அவர் காதருகே, "தேங்க்ஸ்ப்பா" என்றேன்.