கம்பளத்துக்குப் பின்னால் பதினொரு மீன்

மனதுக்குப் பிடித்த ஒரு பொருளை ஒருவர் வீட்டில் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து வருவது எப்படி மரியாதை ஆகும்? போன வசந்தத்தில் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டாள்.

அம்மாவுக்கு எப்போதும் பஸ்ஸுக்கு நேரம்தான். பல்கஷ் என்கிற எங்கள் ஏரிக்கரை ஊரின் பஸ் நிலையத்தில் அவள் அறிவிப்பாளர். பெயர் குல்சியா. "கரகண்டா செல்லும் பஸ் இரண்டாவது மேடையில் நிற்கிறது" என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரலில்தான் வீட்டிலும் பேசுவாள். நான் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய செய்தியையும் அதே குரலில்தான் அப்பாவுக்கு அறிவித்தாள். எந்த மேடை என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் பேட்ஜ் சேர்ப்பவள். சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன அலுமினிய பேட்ஜ்கள். சோவியத் காலத்தில் எங்கள் ஏரிக்கரை மீன் ஆலை ஒன்று, பன்னிரண்டு மீன்கள் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டது. அம்மா சிறுமியாக இருக்கும்போதே பன்னிரண்டையும் சேர்த்து, சிவப்பு வெல்வெட் துணியில் குத்தி வைத்திருந்தாள். கல்யாணமாகி வந்தபோது அந்தத் துணியும் கூடவே வந்து கூடத்துச் சுவரில் தொங்கியது.

என்னைத் தொட்டிலில் போட்ட விருந்துக்கு ஆக்தோகையிலிருந்து தூரத்து உறவுக்காரர் ஒருவர் வந்தார். துணி முன்னால் நின்று, "அட, இந்தக் கெளுத்தியைப் பாருங்கய்யா! மீசையைக்கூட விடாம செஞ்சிருக்காங்களே, என்ன அழகு!" என்றார். எங்கள் பக்கத்தில் விருந்தாளி ஒரு பொருளைப் புகழ்ந்துவிட்டால், அது அவருடையது. அம்மா கெளுத்தியைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் தொப்பியில் குத்திக்கொண்டு போனார். அவர் பெயர் இப்போது யாருக்கும் நினைவில்லை. அப்பாவைக் கேட்டால் சித்தப்பா வழி உறவு என்கிறார். சித்தப்பாவைக் கேட்டால் அப்பாவின் கூட்டாளி என்கிறார்.

அன்றிலிருந்து வெல்வெட் துணி, சுவரில் மாட்டிய கம்பளத்துக்குப் பின்னால் தொங்குகிறது. பதினொரு மீனும் ஓர் ஓட்டையும்.

கெளுத்தியைத் திரும்பப் பிடிக்கத்தான் அம்மா இணைய ஏலத்துக்குள் நுழைந்தாள். முதலில் வந்த கெளுத்திக்கு வால் இல்லை. படத்தில் வால் இருந்த இடத்தில் விற்றவருடைய கட்டைவிரல் இருந்தது. அடுத்ததை முறையாக ஏலத்தில் எடுத்தாள். மூன்றாம் நாள் விற்றவரிடமிருந்து தகவல் வந்தது: "மன்னிக்கணும் அக்கா. நேத்து மச்சான் வந்து நல்லாருக்குன்னு சொல்லிட்டார்."

அம்மா அதை முழுக்கப் புரிந்துகொண்டாள். ஏலத் தளத்துக்குத்தான் புரியவில்லை. பொருள் வராததற்குக் காரணம் கேட்டு, தொலைந்தது, உடைந்தது, தாமதம் என்று மூன்றே வழி காட்டியது. அம்மா 'உடைந்தது' என்று தட்டினாள். உடைந்த பொருளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னது.

மூன்றாவது கெளுத்தி நல்ல கெளுத்தி. வால், மீசை, கொக்கி எல்லாம் இருந்தன. ஏலம் முடியும் நேரத்தில் அம்மா வேலையில் இருந்தாள். ஒரு கையில் போன், எதிரே மைக். முடியச் சில நொடிகளே இருந்தபோது 'ஓநாய்48' என்ற பெயரில் எவரோ அம்மாவைவிட நூறு தெங்கே கூட்டிக் கேட்டு அடித்துக்கொண்டு போய்விட்டார். மைக்கை அணைக்க அம்மா மறந்திருந்தாள். அவளுடைய அறிவிப்புக் குரலில், பஸ் நிலையம் முழுக்கக் கேட்டது:

"ஓநாய் தூக்கிட்டுப் போயிடுச்சு."

டிக்கெட் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் உடனே ஊருக்குப் போன் போட்டு ஆடுகளை எண்ணச் சொன்னார்.

அடுத்த கெளுத்திக்குக் கூடுதலாகக் கேட்க வேண்டும் என்று, தன்னிடம் இரட்டையாக இருந்த கெண்டையை அம்மா ஏலத்துக்கு விட்டாள். அதற்கு முன்பு ஒரே ஒரு பொருள் விற்றிருந்தாள். வாங்கியவர், "படத்தில் பெரிதாகத் தெரிந்தது" என்று குறை எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். இன்னொரு ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் அம்மா அங்கே எதையும் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. கெண்டையை எடுத்தது யார் என்று பார்த்தால் ஓநாய்48. யாருக்கு விற்கிறோம் என்று தேர்ந்தெடுக்க அங்கே வழியில்லை.

"ஆல்மாட்டியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன். பஸ் உங்கள் ஊர் வழியாகத்தான் போகும். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று ஓநாய் எழுதியது. வீட்டுக்கு வருகிறேன் என்பவரை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரிலும் வழியில்லை.

வந்தவர் சபர்காலி. கரகண்டாவில் பல்செட் செய்துகொண்டிருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, மெல்லப் பேசுகிற மனிதர். அம்மா காலையிலேயே கம்பளத்தின் கீழ் ஓரத்தை இரண்டு ஆணி வைத்து அடித்திருந்தாள்.

"வாங்க அகா, உக்காருங்க. பவுர்சாக் எடுத்துக்கங்க."

எண்ணெயில் பொரித்த அந்த மாவு உருண்டைகளில் ஒன்றை அவர் எடுத்துத் தின்றார். இரண்டாவதைத் தின்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"டீ சூடா இருக்கு, மருமகளே" என்றார். எங்கள் பக்கம் பெரியவர்கள் எந்த வீட்டு மனைவியையும் மருமகள் என்பார்கள், பெரியவரை நாங்கள் அகா என்போம்.

"இருக்கு, அகா."

"கம்பளம் சுவத்துல இருக்கு."

"அங்கதான் எப்பவும் இருக்கும்."

நல்லது என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. கறிக்கு, "வெந்திருக்கு" என்றார். என்னைக் காட்டி, "இது உங்க புள்ளையா? வளந்திருக்கு" என்றார். அவர் வேண்டுமென்றே ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பேசுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. வளர்ப்பு சரியில்லாத மனிதர் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அப்பா வேலை முடிந்து வந்தார். அப்பா மார்லென் லாரி ஓட்டுபவர். விருந்தாளி என்றால் உயிரையே கொடுப்பார், அடுத்தவருடைய உயிராக இருந்தாலும்.

"என்ன குல்சியா, பேட்ஜ்காரர் இவ்ளோ தூரம் வந்திருக்கார், உன் மீனைக் காட்டலையா?" என்றவர், ஆணியோடு சேர்த்துக் கம்பளத்தை ஒரே இழுப்பாகத் தூக்கிவிட்டார்.

பதினொரு மீனும் வெளிச்சத்துக்கு வந்தன. அம்மா டீ ஊற்றிக்கொண்டிருந்த கிண்ணம் நிரம்பி வழிந்தது. விருந்தாளி ஒரு சொல் புகழ்ந்தால் போதும், பத்தாகிவிடும்.

சபர்காலி எழுந்து கிட்டப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"துணி வெளுத்துப்போச்சு" என்றார்.

"ஆமா, அகா" என்றாள் அம்மா.

"இதுக்குக் கொக்கி துரு. இதோட செதில் தேஞ்சிருக்கு. இது என்ன, கண்ணு ஒரு பக்கமா இருக்கு?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் பெரியவரே, சோறு போட்ட வீட்ல இப்படியா பேசுவாங்க?"

"மார்லென், சும்மா இரு" என்றாள் அம்மா. அவள் குரல் அன்று முதல் முறையாகக் கொஞ்சம் ஆடியதைக் கேட்டேன். "அகா சொல்றது சரி. எல்லாம் சுமார்தான்."

பதினொரு மீனுக்கும் குறை சொல்லி முடித்த சபர்காலி, ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார். "கெளுத்தியா?" என்றார். அம்மா தலையாட்டினாள். கெண்டையை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்று சொன்னார்: "இதோட எனக்குப் பன்னெண்டும் சேந்துடுச்சு. ஒரு நாள் கரகண்டாவுக்கு வாங்க, மருமகளே. என் மீனுங்க கம்பளத்துக்குப் பின்னால இல்ல. மேலயே தொங்குது."

அவர் என்ன சொன்னார் என்று எங்கள் மூவருக்குமே புரிந்தது. அவர் வீட்டில் அம்மா விருந்தாளி. "கெளுத்தி அழகா இருக்கு" என்று அவள் சொன்னால் போதும்.

இலையுதிர்காலத்தில் அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு கரகண்டா பஸ் ஏறினாள். துணைக்கு நானும் போனேன். தன் பஸ்ஸை வேறொருத்தி அறிவிப்பதைக் கேட்டு, "மேடை எண்ணை விழுங்குறா" என்றாள். வழி நெடுக வேறு பேச்சில்லை.

சபர்காலி டீ கொடுத்தார், கறி கொடுத்தார். பிறகு எங்களைச் சுவருக்கு அழைத்துப்போனார். நீல வெல்வெட்டில் பன்னிரண்டு மீன். எங்கள் கெண்டைக்குப் பக்கத்தில் கெளுத்தி. அவர் கைகட்டி ஒதுங்கி நின்று காத்திருந்தார். அம்மா வாயைத் திறந்தாள்.

"இது சுமார். இது பரவால்ல. கெண்டைக்கு வால் கோணல், அது எங்க வீட்டுலயே கோணல்தான்." கெளுத்தியிடம் வந்து நின்றாள்.

"மீசை ரொம்ப நீளம், அகா" என்றாள்.

சபர்காலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தே, "இன்னொரு கிண்ணம் டீ குடிங்க, மருமகளே" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நான் கத்திவிட்டேன். "எதுக்கும்மா? அவரே தர்றேன்னு கூப்பிட்டாரே!"

"ஓட்டை ஒண்ணுதானே இருக்கு. அது ஒரு வீட்ல இருந்தா போதும்" என்றாள் அம்மா, மேடை எண்ணைச் சொல்வது போல.

ஏலத்தில் அதற்குப் பிறகு கெளுத்தி வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள், அவர் அடுத்தவருக்குச் சொல்லட்டும். ஆக்தோகைப் பக்கம் போகிற பஸ்ஸில் இருந்தால் சத்தமாகவே சொல்லுங்கள். அங்கே ஒருவருடைய தொப்பியில் மீசையுள்ள ஒரு மீன் இருக்கும். அதை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. எங்களை ஒரு தடவை டீக்குக் கூப்பிட்டால் போதும் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.