இரண்டு ஓடிபிக்கு நடுவில்

புருஷனோடு இனிப் பேச்சே கிடையாது என்று சபதம் போட்டுவிட்டு, தினமும் காலை பதினொரு மணிக்கு அவரோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தவள் நான். சிரிக்காதீர்கள். எல்லாம் பிட்காயின் செய்த வேலை.

சிதம்பரத்தில் குடியிருந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவருக்கு செல்போன் ரிப்பேர் கடை, எனக்கு ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. பிட்காயின் விலை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காதாம். அதை வாங்கி விற்கிற ஒரு எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் குறைவாக இருக்கும், இன்னொன்றில் ஜாஸ்தியாக இருக்கும். குறைந்த இடத்தில் வாங்கி, ஏறின இடத்துக்கு அனுப்பி விற்றால் நடுவில் நிற்கிற லாபம் நமக்கு. கடைக்கு வந்த எவனோ இதைச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மனுஷன் இரண்டு கையிலும் இரண்டு போனோடு திரிந்தார். சோறு போட்டால் வலது கைப் போனை மட்டும் கீழே வைப்பார். இடது கைப் போன் முகத்துக்கு நேராகவே இருக்கும்.

கல்யாண நாளுக்குப் பிச்சாவரம் போனோம். சுரபுன்னை மரங்களுக்கு நடுவே படகு நுழைந்ததும், அந்த நிழலும் அமைதியும் சேர்ந்து எனக்கு மனசு இளகிவிட்டது. "மாமா, நம்ம வூட்ல பேச ஆளே இல்லாத மாதிரி இருக்கு எனக்கு" என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவர் ஒரு போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகுக்காரரிடம் சொன்னார்: "அண்ணே, டவர் கட்டாயிடுச்சு. கொஞ்சம் வந்த வழியே திருப்புங்களேன்."

எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம் வரும். சிதம்பரம் வந்து சேர்ந்ததும் வீட்டுப் பக்கமே திரும்பாமல், கட்டின பட்டுப்புடவையோடு கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில் என் அக்கா வீடு. "அவரா வந்து தப்புன்னு சொல்ற வரைக்கும் பேசவும் மாட்டேன், போவவும் மாட்டேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, லேபுக்கு போன் போட்டு லீவு சொன்னேன். "அவளா போனா, அவளா வரட்டும்" என்று அவர் சொன்னதாக என் காதுக்கு வந்தது. வீம்பில் நாங்கள் நல்ல ஜோடி.

அப்படியே இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவருடைய ஆதாரிலும் பான் கார்டிலும் பெயர் ஒத்துப்போகாததால், இரண்டு எக்ஸ்சேஞ்சு கணக்கையும் என் பெயரில்தான் திறந்திருந்தார். காயின் ஒரு இடத்தை விட்டு வெளியே போகவேண்டுமென்றால் என் நம்பருக்குத்தான் ஓடிபி வரும். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"ஓடிபி வந்துச்சா?"

ஆறு எண்ணையும் சொன்னேன். "வேற ஒண்ணும் பேசாதீங்க" என்றேன்.

"பேசல. ஆனா காயின் அந்தப் பக்கம் போய்ச் சேர அரை மணி நேரம் ஆவும். வித்து பணத்த எடுக்க இன்னொரு ஓடிபி வரும். லைன்லயே இரு."

"வச்சிட்டு மறுபடி கூப்புடுங்களேன்."

"அதுக்குள்ள விலை எறங்கிடுச்சுன்னா? நீ போன எடுக்கலன்னா?"

போனைக் காதில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது? அவர் பக்கம் கடை ஃபேன் கடகடவென்று ஓடியது. என் பக்கம் மீன்காரம்மா கூவிக்கொண்டே வந்து கூடையை இறக்கினார்.

"இன்னா மீனு?" என்றார் போனில்.

"சங்கரா."

"கொழம்பா, வறுவலா?"

"உங்களுக்கு எதுக்கு அது?"

கொஞ்ச நேரம் கழித்து நானே, "சாப்புட்டீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்ட வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

அதிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு போன். முதல் ஓடிபிக்கும் இரண்டாவது ஓடிபிக்கும் நடுவில் அங்கே வீட்டில் கேஸ் தீர்ந்துபோனது, உறை ஊற்றின பால் தயிராகவே மாட்டேனென்றது, என் மல்லித் தொட்டியில் மொட்டு வைத்தது எல்லாம் வரும். "பேச மாட்டேன்னவ பல்லக் காட்டிக்கினு நிக்கிறா பாரு" என்று அக்கா நக்கலடிப்பாள். வீட்டுக்கு வா என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் சும்மா கணக்கைத் திறந்து பார்த்தேன். இரண்டு இடத்துக்கும் விலையில் வித்தியாசமே இல்லாமல் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. அனுப்புகிற கட்டணம்தான் தினமும் கையை விட்டுப் போயிருக்கிறது. பத்து ரூபாய் ஏறினால் துள்ளிக் குதிக்கிற மனுஷன், தெரிந்தே நஷ்டத்துக்கு அனுப்பியிருக்கிறார்! கேட்டால் வெட்கப்பட்டு போன் போடுவதையே நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, கேட்கவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் மெசேஜ் வந்தது. ஒரு எக்ஸ்சேஞ்சில் ஏதோ திருட்டு நடந்துவிட்டதாம், யாரும் எதையும் வெளியே எடுக்க முடியாதாம். மறுநாளைக்கென்று வாங்கி வைத்திருந்த எங்கள் காயின் மொத்தமும் அப்போது அங்கேதான் இருந்தது, இன்றுவரை அங்கேதான் கிடக்கிறது. சத்தியமாக அதைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை. எடுக்க முடியாது என்றால் ஓடிபி வராது. ஓடிபி வராது என்றால் அவர் எதைச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்?

மறுநாள் பதினொரு மணிக்கு போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

"நீயே ஒரு போனு போடேன்டி. தலையில இருக்குற கிரீடமா எறங்கிடும்?" என்றாள் அக்கா. அவள் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த வீம்பிலேயே எங்கள் குடும்பம் முடிந்து போகலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் பதினொன்றே காலுக்கு போன் அடித்தது.

"ஓடிபி வந்துச்சா?" குரல் கம்மிப்போயிருந்தது.

எதையும் அனுப்ப முடியாது என்று அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

"வந்துச்சு" என்றேன்.

"சொல்லு."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது, நாலு, ஒண்ணு."

ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை.

"சரியா இருக்கு" என்றார். "எடுத்துக்கிச்சு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆவும்?"

அவர் பக்கம் ஃபேன் சத்தம் நின்றது. கடை ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

"சிதம்பரத்துலேர்ந்து கடலூருக்கு ஒண்ணரை மணி நேரம் ஆவும்" என்றார். "தப்பு என்னுதுதான். லைன்ல இரு."

"வழியில டவர் கட்டாயிடும் மாமா."

"ஆவட்டும்டி. நான் வந்துடுவேன்."

அக்காவிடம் உலையில் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி சேர்த்துப் போடச் சொன்னேன்.