சாவாத படம் ஒண்ணு போடு

எங்க வூட்டுக் கல்யாணத்துல தாய்மாமன் சீர் வரும்போது முதல் தட்டை ஒத்தை ஆளாத் தூக்கக் கூடாது. மாமன் ஒரு பக்கம், மாமன் பொஞ்சாதி ஒரு பக்கம் புடிச்சுக்கிட்டு, மண்டபத்து வாசல்லேருந்து மணவறை வரைக்கும் நடக்கணும். தட்டுல என்ன பெரிசா இருக்குது? புடவை, மாலை, மஞ்சள், குங்குமம், தேங்காய். ஒரு கையால தூக்கிடலாம். ஆனா வழக்கம்னா வழக்கந்தான்.

அக்கா பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம்னு முடிவாச்சு. அந்தப் பொண்ணுக்கு நான் ஒரே தாய்மாமன். முடிவான அன்னிக்கே எங்க சித்தி ஆரம்பிச்சுட்டாங்க. "உனக்குத்தான் யாரும் இல்லியே. எம் மவனும் மருமவளும் தட்டைப் புடிச்சுக்கட்டும். நீ பின்னாடியே வா."

பின்னாடியே வா! எனக்குக் கோவம் மூக்குக்கு மேல வரும்னு ஊருக்கே தெரியும். அன்னிக்கு என்னவோ வாயை மூடிக்கிட்டு எழுந்து வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் ஸ்கூட்டர்ல எனக்கு நானே கத்திக்கிட்டு வந்தேன். யாரும் இல்லியா? எனக்கா யாரும் இல்ல?

அவரு இருக்காரே.

நானும் அவரும் செராமிக்ஸ் பேட்டையில ஒரு சின்ன பொம்மைப் பட்டறை நடத்துறோம். அச்சுல மண் கரைசலை ஊத்தி எடுக்கறது என் வேலை. சூளையில வேக வெக்கிறதும், அப்புறம் வண்ணம் பூசறதும் அவரு வேலை. கொலுவுக்குக் கல்யாண செட்டுதான் எங்ககிட்ட நல்லா ஓடும். மாப்ளை, பொண்ணு, ஐயரு, மேளக்காரரு, சீர்த்தட்டோட நிக்கிற தாய்மாமன் பொஞ்சாதி வரைக்கும் வருஷாவருஷம் ஊத்தி எடுக்கறோம். பட்டறைக்கு மேலயே ஒரு ரூம்பு, அதுல ரெண்டு பேரும் இருக்கோம். எங்க பேட்டையில ஒரு சூளையை ரெண்டு மூணு பேரு சேர்ந்து வெச்சுக்கறது சகஜம். அதனால அங்க யாரைப் பார்த்தாலும் யாருக்காவது பார்ட்னர்தான். அவரு எனக்குப் பார்ட்னர். டீக்கடையில "எங்க உன் பார்ட்னரைக் காணோம்?"னு கேப்பாங்க. அந்த ஒரு வார்த்தை எங்களை இத்தினி வருஷம் காப்பாத்துச்சு. அந்த ஒரு வார்த்தையே எங்களை மூடியும் வெச்சுது.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. எங்களை மாதிரி ஆளுங்களைப் பத்தி உலகத்துல எங்கெங்கயோ எடுத்த படங்களைத் தேடிப் புடிச்சு, அதுக்குத் தமிழ்ல வசனம் எழுதிக் கீழ ஓட விடுவாரு. பாண்டிச்சேரியில ஒரு சினேகிதக் கூட்டம் இருக்குது, அவங்களுக்காக. "நம்மாளுங்க தமிழ்ல படிச்சு அழுவட்டுமே. எதுக்கு இங்கிலீஷ்ல அழுவணும்?"னு சொல்வாரு. நமக்கு வாய்ச்ச சினிமா என்ன? நம்ம ஊருப் படத்துல இடுப்பை ஆட்டிக்கிட்டு ஒருத்தன் வருவான், ஹீரோ அருவருப்பா மூஞ்சியைச் சுளிப்பான், தியேட்டரே விசிலடிக்கும். அந்த விசிலுக்கு நடுவுல திரையை விட்டுட்டுக் கால் கட்டை விரலையே பார்த்துக்கிட்டு உக்காந்து வளர்ந்தவன் நான்.

அப்படி ஒரு படத்துக்கு எழுதும்போதுதான் எங்களுக்குச் சண்டை வந்துச்சு. பழைய படம், வெளிநாட்டுல ரொம்பப் பேரு வாங்கினதுன்னாரு. அதுல ஒருத்தரு இன்னொருத்தரைக் காட்டி "இவரு என் பார்ட்னர்"னு சொல்ற இடம் வருது. அதைத் தமிழ்ல என்னன்னு போடறது? நான் "துணைவர்"னு சொன்னேன். மேடையில மைக் புடிச்சுப் பேசற மாதிரி இருக்குதுன்னாரு. "வாழ்க்கைத்துணை"ன்னேன். கல்யாணப் பத்திரிகைன்னாரு. "அப்ப நீங்களே எழுதிக்குங்க சாமி, என்னை ஏன் கேக்கறீங்க?"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவரு சிரிச்சுக்கிட்டே "கூட்டாளி"ன்னு போட்டுட்டாரு. "ஊரு நம்மளைச் சொல்றதுதானே, இருந்துட்டுப் போவட்டும்"னாரு.

எழுத்து டிவியில உடையாம வருதான்னு பார்க்கணும். எங்க ரூம்புல டிவி கெடையாது. அக்கா அன்னிக்கு ஒரு துக்கம் விசாரிக்கச் சேத்தியாத்தோப்பு போயிருந்தா. அக்கா வூட்டுக்காரரு பெண்ணாடத்துல கரும்பு ஆலையில வேலை, அவருக்கு ஷிப்ட்டு. சாவி எங்கிட்ட இருந்துச்சு. ஞாயித்துக்கெழமை மத்தியானம் ரெண்டு பேரும் போயி டிவியில பென்டிரைவைச் சொருகி உக்காந்தோம்.

படம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரந்தான் ஆயிருக்கும், அக்கா வந்து நிக்கறா. கையில ஒரு பை வெள்ளரிப்பிஞ்சு. சீக்கிரமே பஸ்ஸு கெடைச்சுடுச்சாம். நான் திருதிருன்னு முழிச்சேன். ரிமோட்டைத் தேடினா கைக்கு அகப்படல.

"ஓடட்டும்டா, நானும் பார்க்கறேன். வாங்க தம்பி, எப்ப வந்தீங்க?"ன்னு அவரை விசாரிச்சுக்கிட்டே அக்கா தரையில காலை நீட்டி உக்காந்துட்டா. ஆளுக்கொரு வெள்ளரிப்பிஞ்சு வேற குடுத்தா. கடிக்காமக் கையிலயே வெச்சிருந்தோம்.

மழை பெஞ்சுக்கிட்டே இருக்கிற ஒரு ஊரு. தையக்கடைக்கு மேல மாடியில ரெண்டு ஆம்பளைங்க ஒண்ணா இருக்காங்க. "இவர் என் கூட்டாளி"ன்னு கீழ எழுத்து ஓடுச்சு. அக்கா அதை வாய் விட்டுப் படிச்சா.

"என்ன தொழில்ல கூட்டு?"

நான் அவரைப் பார்த்தேன். அவரு வெள்ளரிப்பிஞ்சைப் பார்த்தாரு.

"தையக்கடையா?"ன்னா அக்கா. "ஒரு நாளாச்சும் மிஷின்ல உக்காந்தானுங்களா? எப்பப் பாரு காபி குடிச்சுக்கிட்டு ஜன்னல்ல நிக்கறானுங்க. இப்படி இருந்தா யாவாரம் எப்புடி வெளங்கும்?"

சிரிக்கறதா அழுவறதான்னே எனக்குத் தெரியல. படம் பூரா அவ கடையைத் தேடிக்கிட்டே இருந்தா. கடைசியில அந்த ரெண்டு பேருல மூத்தவரு நெஞ்சு வலி வந்து பொசுக்குன்னு போயிடறாரு. எங்கிருந்தோ அண்ணன்காரன் வந்து வூட்டைப் பூட்டி சாவியை எடுத்துக்கறான். மாதா கோயில்ல அவருக்காகப் பூசை வெக்கறாங்க. செத்தவரோட சொந்தக்காரங்க பேரைப் பாதிரியாரு ஒவ்வொண்ணாப் படிக்கறாரு. இன்னொருத்தரு எதிர்ப்பக்கம் தெருவுல மழையில நிக்கறாரு.

"பங்கு கேக்க வந்துட்டான் பாரு"ன்னா அக்கா.

கொஞ்சம் கழிச்சு மெதுவா, "பங்கு கேக்க வந்தவன் ஏன்டா இப்படி அழுவறான்?"னு கேட்டா. பாதிரியாரு தூரத்துச் சொந்தம் வரைக்கும் படிச்சு முடிச்சுட்டாரு. "எல்லாரு பேரையும் படிச்சாங்க, இவன் பேரை ஏன் படிக்கல?"

அவருதான் சொன்னாரு. அவரு கோயிலுக்குப் போற கிறிஸ்தவக் குடும்பம், இந்த மாதிரிப் பூசையெல்லாம் நெறையப் பார்த்தவரு. "படிக்க மாட்டாங்கக்கா. என்ன முறைன்னு எழுதிக் குடுப்பாங்க?"

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. மறுபடி டிவியைப் பார்த்தா. படம் முடிஞ்சு வெள்ளை எழுத்தெல்லாம் மேல ஏறிக்கிட்டு இருந்துச்சு, அதையும் கடைசி வரைக்கும் பார்த்தா. எழுந்து உள்ள போனா. போச்சு, இனிமே இந்த வாசப்படி மிதிக்க முடியாதுன்னு நெனைச்சேன். மூணு டம்ளர்ல டீ கொண்டாந்து வெச்சுட்டு உக்காந்தா.

"வேற படம் இருக்குதா தம்பி? சாவாத படம் ஒண்ணு போடுங்க."

அங்கதான் மாட்டிக்கிட்டோம். சாவாத படத்துக்கு எங்க போறது? அடுத்த ஞாயித்துக்கெழமை பேச்சே வராத காலத்து ஊமைப் படம் ஒண்ணு போட்டாரு. அதுலயும் சாவு. அதுக்கடுத்த கறுப்பு வெள்ளையில ஜெயிலு. கலரு வந்ததும் சீக்கு. "அட கெரகமே, இந்தப் படக்காரனுங்களுக்கு வேற கதையே தெரியாதா? அவனுங்களை நிம்மதியா ஒரு வாய் சோறு திங்க வுட மாட்டானுங்களா?"ன்னு அக்கா டிவியோட சண்டைக்கு நின்னா. அவரு வாத்தியாரு மாதிரி வெளக்கம் சொல்லுவாரு. அந்தக் காலத்துல இப்படிப் படம் எடுக்கவே வுட மாட்டாங்க, எடுத்தாக் கடைசியில தண்டனை குடுத்துத்தான் ஆவணும், அப்படி எடுத்ததையே மூட்டை மூட்டையாக் கொளுத்தினாங்க, அதுக்கும் தப்பிச்சு வந்ததுதான் இதுன்னு. அக்கா ஊம் கொட்டிக்கிட்டுக் கேப்பா. கேட்டுட்டு, "சரி, தப்பிச்சு வந்துச்சுல்ல, இப்ப எடுக்கறவனுக்கு என்ன கேடு?"ன்னு கேப்பா.

இப்ப எடுத்ததுல ஒண்ணு கெடைச்சுது. கெழடு தட்டின ரெண்டு பேரு, ஒழுவற கூரையை யாரு சரி பண்றதுன்னு படம் முழுக்கச் சண்டை போட்டுக்கறாங்க. அவ்ளோதான் கதை. கடைசியில வாளியை வெச்சுட்டுத் தூங்கிடறாங்க. எனக்குக் கொட்டாவி வந்துச்சு. அக்கா கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "இதான்டா படம்"னா.

அன்னிக்கு அவரு முன்னாடி கெளம்பிட்டாரு. அக்கா காஞ்ச துணியை மடிச்சுக்கிட்டே, தலையைத் தூக்காமக் கேட்டா. "ஆமா, அவரு பேரை உன் வாயால நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லியேடா. அவரு வந்தாரு, அவரு சொன்னாரு, அவரு சாப்புடல. ஏன், பேரு சொன்னா என்ன?"

ஆரம்பத்துல பயம். பேரைச் சொல்லும்போது குரல் மாறி எவனாவது கண்டுபுடிச்சுடுவானோன்னு. அப்புறம் அதுவே பழகிப் போச்சு. இப்ப சொல்லணும்னு நெனைச்சாலும் நாக்கு பொரள மாட்டேங்குது.

"நானுந்தான் உங்க மாமா பேரைச் சொன்னதில்ல"ன்னா அக்கா. வேட்டியை ஒதறி மடிச்சு வெச்சா. அவ்ளோதான் பேச்சு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, போயிட்டு வரேன்னு கூடச் சொல்லாம ஓடியாந்துட்டேன்.

ஆனா தட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மார்கழி முழுக்கக் காத்திருந்தேன். தெரிஞ்சா மட்டும் போதுமா? வூட்டுக்குள்ள டீ குடுக்கறது வேற, ஊரு முன்னாடி நிக்க வெக்கறது வேறயில்லியா? கேட்டுடறேன்னு கெளம்பினா அவரு தடுத்துட்டாரு. "பொண்ணு கல்யாணத்துல வம்பு வேணாம். நான் பந்தியில நின்னு பரிமாறிக்கறேன். நீங்க உங்க சித்தி சொன்ன மாதிரி போங்க." எப்புடித்தான் இந்த மனுஷனுக்குக் கோவமே வராதோ!

கல்யாணத்தன்னிக்கு மண்டபத்து வாசல்ல சீர்த்தட்டெல்லாம் வரிசையா வெச்சாச்சு. மேளம் கொட்டறாங்க. சித்தி மவனும் மருமவளும் முதல் தட்டுக்கிட்ட குனிஞ்சுட்டாங்க. உள்ளேருந்து பட்டுப்புடவை சரசரக்க அக்கா வந்தா.

"நீங்க அடுத்த தட்டை எடுங்க கண்ணு"ன்னா அவங்ககிட்ட. சித்தி என்னமோ சொல்ல வாயைத் தொறந்தாங்க. "சித்தி, நீங்க போயி ஆரத்தி கரைச்சாச்சான்னு பாருங்க"ன்னு அவங்களை அனுப்பிட்டா. பந்திப் பக்கம் பார்த்து, "தம்பி! அந்த வாளியை வெச்சுட்டு இங்க வாங்க"ன்னு ஒரு கத்து கத்தினா. அவரு கையில சாம்பார் வாசனையோட வந்து நின்னாரு. புது வெள்ளைச் சட்டையில ஒரு சொட்டு மஞ்சக் கறை. அக்கா அதைப் பார்த்தா, முந்தானையால துடைச்சா, தட்டோட மறு பக்கத்தைக் காட்டினா. "புடிங்க."

புடிச்சாரு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தேங்காய் உருண்டுக்கிட்டு இருந்துச்சு.

சீர் கொண்டு வர்றவங்களை மைக்ல சொல்றதுக்கு ஒருத்தரு நின்னாரு. என் பேரைத் தெரியும், சொல்லிட்டாரு. "தாய்மாமன்"னு சேர்த்துச் சொன்னாரு. அப்புறம் குனிஞ்சு எங்கிட்ட, "கூட நிக்கறவரு பேரு?"ன்னு கேட்டாரு. நான் வாயைத் தொறந்தேன். வரல. சத்தியமா வரல. மேளக்காரரே அடிக்கறதை நிறுத்திட்டுப் பார்க்கறாரு.

"அவன் சொல்ல மாட்டான்யா, பழக்கமில்ல"ன்னு அக்கா சிரிச்சா. நாலஞ்சு பொம்பளைங்க கூடச் சேர்ந்து சிரிச்சாங்க. புருஷன் பேரைக் கேட்டா எங்க பக்கத்துல பொம்பளைங்க இப்படித்தான் முழிப்பாங்க, பக்கத்துல இருக்கறவங்கதான் எடுத்துக் குடுப்பாங்க. அந்தச் சிரிப்பு அவங்களுக்குத் தெரிஞ்ச சிரிப்புதான். அக்கா அவரு பேரைச் சொன்னா. ஞானஸ்நானத்துல வெச்ச முழுப் பேரு, அவங்கப்பா பேரோட. எப்பத் தெரிஞ்சு வெச்சிருந்தாளோ!

"என்ன முறைன்னு சொல்றதுங்க?"ன்னாரு மைக்குக்காரரு.

தட்டோட மறு பக்கத்துல அவரு, உருண்ட தேங்காயை ஒரு விரலால புடிச்சு நிறுத்தினாரு.

"முதல் தட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு, இதுல முறை என்னன்னு கேக்கறீரு? பேரைப் படியும்யா"ன்னா அக்கா.

படிச்சாரு. மண்டபம் முழுக்க, வெளிய தெருவுல வெச்சிருந்த ஸ்பீக்கர் வரைக்கும் அவரு பேரு கேட்டுச்சு. பாதி சனம் தொழில் பார்ட்னர்னுதான் நெனைச்சிருக்கும், நெனைச்சுட்டுப் போவட்டும். என் பேருக்கு அடுத்த பேரா அவரு பேரைக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. கண்ணீர் கண்ணை மறைச்சுடுச்சு. ஒரு கையை எடுத்து மூக்கைத் தொடைச்சேன், தட்டு ஒரு பக்கமாச் சாஞ்சுது.

"ஒழுங்காப் புடிச்சுக்கிட்டு நடடா"ன்னு அக்கா என் காதுகிட்ட வந்து சொன்னா. "இங்க யாரும் சாவல."