பட்டில் படாத எண்ணெய்

என் முகத்தைக் குறை சொல்லலாம், நிறத்தைக் குறை சொல்லலாம், சமையலைக்கூடச் சொல்லலாம். கேட்டுக்கொண்டு பேசாமல் போய்விடுவேன். கையைச் சொன்னால் மட்டும் எனக்குச் சுள்ளென்று வந்துவிடும். இந்த வயதிலும் அப்படித்தான்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது மேட்டூரில் அணை வேலை நடந்துகொண்டிருந்தது. பிறந்தது வாழப்பாடிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது ராசிபுரத்தில் ஒரு பட்டுத்தறி வீட்டில். நாங்களும் தறிக்காரர்கள்தான். ஆனால் எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா வாந்திபேதியில் போய்விட்டார். தறியை விற்றுவிட்டு அம்மா கூலிக்குப் போனாள், கூடவே நானும் போனேன். கடலை உரிப்பது, ஆமணக்குக் காய் உடைப்பது, பருத்திமார் பிடுங்குவது என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தோம். பதினாறு வயதுக்குள் என் உள்ளங்கை காய்த்துப்போய், விரல் நுனியெல்லாம் வெடிப்பாகிவிட்டது. அது ஒரு குறை என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் அதே கைதான்.

கல்யாணமாகி ஒரு வாரத்தில் மாமியார் என் மடியில் ஒரு பட்டுநூல் சிட்டத்தை வைத்து, ராட்டையில் தார் சுற்றச் சொன்னார். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூலைச் சுற்றும் வேலை அது. அந்த வீட்டில் ஐந்து வயதுக் குழந்தைகூடச் செய்யும். நான் நூலை விரலிடுக்கில் விட்டு ராட்டையைச் சுற்றினேன். பட்டு என் வெடிப்பில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டால் அடுத்த விரலில் மாட்டியது. கொஞ்ச நேரத்தில் நூல் முழுக்கப் பிசிறு கிளம்பி நின்றது. மாமியார் ராட்டையை நிறுத்தி, என் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார்.

"சாமி, இந்தக் கையோட பட்டைத் தொட வேண்டாம். நீ அடுப்பைப் பாத்துக்க" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு, சிட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அடுப்படியில் உட்கார்ந்து, புகை கண்ணில் பட்டதாகச் சொல்லி அழுதேன்.

எதற்கு அவ்வளவு அழுகை என்று கேட்கலாம். வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், எனக்கு என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார ஆசை. அந்த வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார் எல்லாரும் இருந்தார்கள். பகலில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிற வழக்கம் கிடையாது. அவர் தண்ணீர் கேட்பதென்றாலும் தங்கையைத்தான் கேட்பார். ஆனால் எங்கள் வீட்டுப் புடவைகளுக்கு உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். உடலுக்கு உள்ள நாடாவை அவர் தள்ளுவார், வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். ஒரே தறிக்குழியில் கால் விட்டு, தோளோடு தோள் இடிக்க, நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அந்த இடத்தில் அப்போது உட்கார்ந்திருந்தவள் என் நாத்தனார். அவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அவள் போனபின் பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் ஆளைக் கரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கிடைத்தது ஆவணியிலிருந்து தை வரை. அதற்குள் என் கை மெத்தென்று ஆகவேண்டும்.

சீரோடு சீராக அம்மா ஒரு சொம்பு விளக்கெண்ணெய் கொடுத்தனுப்பியிருந்தாள். ஆமணக்கை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே மிதப்பதை வழித்தெடுத்த எண்ணெய். எங்கள் வீட்டில் தலைக்கு, வயிற்றுக்கு, புண்ணுக்கு, விளக்குக்கு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். தினமும் படுக்கும் முன் கையில் வழிய வழியப் பூசினேன். பதினைந்து நாளில் வெடிப்பு மூடிக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நானாகவே ராட்டையில் உட்கார்ந்து நான்கு தார் சுற்றி வைத்துவிட்டேன். பட்டு மாட்டவே இல்லை. வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று காத்திருந்தேன்.

அசந்துதான் போனார்கள். விளக்கெண்ணெயைத் துடைத்தால் போகாது, தோலுக்குள் இருந்துகொண்டு கசிந்துகொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாரை வைத்து ஒரு சாண் நெய்தபிறகுதான், மாம்பழ நிறப் பட்டில் கறுப்புக் கறுப்பாகக் கறை தெரிந்தது. தறிச்சத்தம் நின்றதும் வீடே வந்து எட்டிப் பார்த்தது. மாமியார் பூஜை மாடத்திலிருந்து திருநீற்றை அள்ளிக்கொண்டு ஓடி வந்து பட்டின் மேல் தூவினார். கும்பிடுவதற்கு இல்லை, எண்ணெயை உறிஞ்சுவதற்கு. அவர் அந்த ஒரு சாணையும் இழை இழையாகப் பிரித்தார். பொழுது சாயும்வரை பிரித்தார். ஒருமுறைகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அதன்பிறகு ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ராசிபுரத்தில் நெய்க்குப் பஞ்சமில்லை, நெய்யைத் தடவிக்கொள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நெய் வாசனைக்குக் கரப்பான் வந்து பட்டைத் தின்றுவிடும் என்று மாமியார் அவளை விரட்டினார். கடைசியில் நாத்தனார்தான் என்னைச் சந்தைக்கு அழைத்துப்போனாள். சேலத்திலிருந்து பஸ்ஸில் தகர டின்களை ஏற்றிக்கொண்டு ஒரு ராவுத்தர் வாராவாரம் வந்து எண்ணெய்க் கடை போடுவார். தாடி நரைத்த மனிதர். அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"கையில பூசறதுக்குக் கேக்கறியா தாயி, இல்ல அந்தக் கை தொடற பட்டுக்காகக் கேக்கறியா? ரெண்டும் வேற."

விஷயத்தைச் சொன்னோம். கையை நீட்டச் சொல்லி, ஒரு விரலுக்கு ஒரு சொட்டாக விட்டார். கட்டைவிரலுக்கு நல்லெண்ணெய், ஆள்காட்டி விரலுக்குக் கடலையெண்ணெய், நடுவிரலுக்கு இலுப்பெண்ணெய், மோதிர விரலுக்கு வேப்பெண்ணெய், சுண்டுவிரலுக்குத் தேங்காயெண்ணெய். வீட்டுக்குப் போய்ப் பயற்றமாவு போட்டுக் கழுவிவிட்டு, ஒவ்வொரு விரலையும் தனித்தனிக் கழிவுப் பட்டில் தேய்த்து, மறுநாள் வெயிலில் பார்க்கச் சொன்னார். எது நல்லது என்று தன்னால் சொல்ல முடியாது, அவரவர் தோலைப் பொறுத்தது என்றார். காசும் வாங்கவில்லை. ஒரு விரலோடு இன்னொரு விரல் ஒட்டாமல் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, சந்தையிலிருந்து வீடுவரை கடைத்தெரு வழியாக நடந்தேன். யாரையோ ஆசீர்வாதம் செய்துகொண்டே போகிற மாதிரி இருக்கிறது என்று நாத்தனார் வழியெல்லாம் சிரித்தாள். வீட்டுக்கு வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, மோதிர விரலில் மூக்கைச் சுளித்தாள்.

மறுநாள் பார்த்தோம். நல்லெண்ணெய் விரலின் தோல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பட்டில் மஞ்சள் ஏறியிருந்தது. கடலையெண்ணெய் கழுவியும் போகாமல் வழவழவென்று நின்றது. இலுப்பெண்ணெயும் வேப்பெண்ணெயும் வெடிப்புக்கு மருந்து, பட்டுக்கு எமன். சுண்டுவிரல் தேய்த்த துண்டில் மட்டும் எந்த இடத்தில் தேய்த்தோம் என்றே தெரியவில்லை. சரி, தேங்காயெண்ணெய் என்று தீர்மானமாயிற்று. காவிரிக்கரைத் தேங்காயில் ஆட்டியது, ஜேடர்பாளையத்துப் பக்கமிருந்து வருவது என்றார் ராவுத்தர். ராவில் பூசி, விடிந்ததும் பயற்றமாவில் கழுவினேன். மார்கழியில் எண்ணெய் குப்பிக்குள் வெண்ணெயாக உறைந்துவிடும். அடுப்போரம் வைத்து இளக்கிக்கொள்வேன்.

கையை நான் பார்த்துக்கொண்டேன், தலையை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். எனக்குத் தலையிலும் விளக்கெண்ணெய்தான் வழக்கம். தறியில் குனிந்தால் வியர்வையோடு அது நெற்றியில் வழிந்து பட்டில் சொட்டும் என்று அதையும் நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்கு. அன்றைக்குத் தறிப்பக்கம் போகக்கூடாது. மற்ற நாளில் உள்ளங்கையளவு தேங்காயெண்ணெய் வைத்து, ஒரு முடி பிரியாமல் இறுக்கிக் கொண்டை. விளக்கெண்ணெயில் வளர்ந்த என் முடி முதல் மாதம் முரண்டு பிடித்தது. அவள் சலிக்காமல் சீவினாள். தான் விட்டுப்போகிற இடத்துக்கு என்னைத் தயார் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் அந்தத் தறியை விட்டுப் போக மனம் வந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கவேண்டும்.

இதற்கிடையில் ஒன்று கவனித்தேன். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாத்திரம் துலக்குவது என் வேலை. கார்த்திகை பிறந்ததிலிருந்து நான் எழுந்து போவதற்குள் பாத்திரம் எல்லாம் துலக்கிக் கவிழ்த்திருக்கும். விறகு ஒடிக்கப் போனால் விறகும் ஒடித்துக் கிடக்கும். மாமியாரின் விரலிடுக்கில் சாம்பல் ஒட்டியிருக்கும். அவரைப் பற்றி மனதுக்குள் என்னென்னவோ திட்டி வைத்திருந்தேன். அதையெல்லாம் நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

தையில் நாத்தனாரின் கல்யாணம் முடிந்து, அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். மூன்று நாள் தறி சும்மா கிடந்தது. நான்காம் நாள் காலையில், கரைக்கு ஆள் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். மாமியார் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். முறுக்கேற்றாத பட்டிழை ஒன்றை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, மெதுவாக இழுத்தார். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை இழுத்தார். இழை எங்கும் நிற்காமல் போய்விட்டது. மறுகையிலும் இழுத்துப் பார்த்தார்.

"ஆளும் வேண்டா, ஒண்ணும் வேண்டா. போய் உக்காரு சாமி" என்றார்.

போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். தோள் இடித்தது. அவர் நாடாவைத் தள்ள, நான் கரை நாடாவைத் தள்ள, இரண்டு நிறமும் ஓரத்தில் கோத்துக்கொள்ளவேண்டும். முதல் இரண்டு விரல்கடை கோணலாகத்தான் வந்தது. நாடாவை எப்படிப் பிடிப்பது என்று காட்ட அவர் என் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடாமல், உள்ளங்கையைத் திருப்பிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"மொத நாள் இந்தக் கையைப் புடிச்சப்போ காஞ்ச சோளத்தட்டாட்டம் இருந்துச்சு. ஆத்தாளுக்குச் சோறு போட்ட கைன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கு அந்தக் கையே போதும்னு இருந்துச்சு" என்றார், குரலைத் தாழ்த்தி.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. ஐந்து மாதம் ஐந்து எண்ணெய், ஊர் சிரிக்கக் கடைத்தெருவில் நடந்தது, ஒரு சாண் கறை, அடுப்படி அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. "ஏனுங்க, அதை அன்னைக்கே சொல்ல வாயில்லையா?" என்று கேட்டேன். கேட்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. பட்டில் விழுந்துவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் தன் துண்டை எடுத்து என் மடியில் வைத்தார். தறி நின்றுபோயிருந்தது.

அடுப்படியிலிருந்து மாமியார், தறிச்சத்தம் ஏன் நின்றுவிட்டது என்று கேட்டார்.

"இழை அறுந்துபோச்சுங்கம்மா" என்றார் அவர்.

இழை எதுவும் அறுந்திருக்கவில்லை. மாமியாரும் வந்து பார்க்கவில்லை.