வரி கட்டிய ரப்பர் கொட்டைகள்

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கம் அது. மலாயாவின் ஜொகூரில் லாபிஸ் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். ஒரே அறை, முப்பது பிள்ளைகள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாடம் ஆரம்பித்தால் புத்தகத்தோடு நிற்க மாட்டேன். அந்த வாய் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று வரி என்றால் என்ன என்று பாடம். வெறும் பேச்சாகச் சொன்னால் மண்டையில் ஏறுமா? ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்றை மேசைமேல் வைத்தேன். ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி வரச் சொல்லி, சாக்கட்டியால் புள்ளி வைத்து ஆளுக்கு இரண்டு கொடுத்தேன்.

"உங்கப்பா சுருட்டு வாங்கினா, கள்ளு குடிச்சா, அதுல கொஞ்சம் சர்க்காருக்கு வரியாப் போகுது. சுருட்டுக்கு ஒண்ணு, கள்ளுக்கு ஒண்ணு போடுங்க" என்றேன். மங்கு நிறைந்தது. "இதுலதான் டவுன் ஆஸ்பத்திரி, காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து, பந்து விளையாடுற பாடாங் எல்லாம். அது நம்ம ஆஸ்பத்திரி. அங்க நம்மள யாரும் வெளிய நிக்கச் சொல்ல முடியாது!"

பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று கொட்டைகளை அவரவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை பேர் கூப்பிட்டபோது ஒரு பெண் பிள்ளையைக் காணவில்லை. பத்து வயது இருக்கும். ஒரு நாளும் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை.

"அவ தம்பிக்கு ரொம்பக் காய்ச்ச, சார். தூக்கிக்கிட்டு நம்ம ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா" என்றாள் அவள் குடியிருக்கும் லயத்து வரிசைப் பிள்ளை ஒருத்தி.

நம்ம ஆஸ்பத்திரி! அப்பாவும் அம்மாவும் விடியுமுன்பே பால் எடுக்க மரம் வெட்டப் போயிருப்பார்கள். மருந்து கொடுக்கும் டிரெசர் வாரத்தில் இரண்டு நாள்தான் எங்கள் தோட்டத்துக்கு வருவார், அன்று அவர் வரும் நாளில்லை. டவுனுக்கு ரோட்டு வழியாக மூன்று மைல். பிள்ளைகள் அப்படிப் போக மாட்டார்கள். ஆற்றின் மேல் போகும் ரயில் பாலத்திலேயே குறுக்குவழியாக நடந்துவிடுவார்கள். அதில் காலையில் கூட்ஸ் வண்டி வரும்.

வாய்ப்பாடு சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஓடினேன். வேட்டி தடுக்கி இரண்டு தடவை விழுந்தேன். பாதிவழியில் வண்டியின் ஊதல் கேட்டது. பாலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி தாண்டிப் போய்விட்டது.

பாலத்தின் நடுவில், கட்டைமேல் ஒரு ரப்பர் கொட்டை கிடந்தது. தோட்டத்தில் எங்கே பார்த்தாலும் கிடக்கும் சாமான்தான். ஆனால் இதில் சாக்கட்டிப் புள்ளி இருந்தது. கீழே எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கலங்கல் தண்ணீர் மட்டும் ஓடியது. கொட்டையை எடுத்துக்கொண்டு, "கடவுளே, கடவுளே" என்று வாய்விட்டுச் சொல்லியபடி டவுனுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரிப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்பாடா என்று மூச்சு வந்தது. ஆனால் மடியில் கிடந்த தம்பிக்கு நடுக்கம் தாளவில்லை, கண் செருகியிருந்தது. வாசலில் நின்ற ஆள் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"தோட்டத்து ஆளுங்கன்னா தோட்டத்துலேருந்து அனுமதிச் சீட்டு கொண்டாரணும்மா. சீட்டு இல்லாம எப்படி விடுறது?"

"எங்கப்பா கட்டிட்டாருங்க" என்று அவள் மிச்சமிருந்த ஒற்றைக் கொட்டையை நீட்டினாள்.

சீட்டு விஷயம் எனக்குத் தெரியாததா? பாடத்தில் சொல்லவில்லை. சொன்னால் என் பேச்சின் சுவை கெட்டிருக்கும். அதுதான் உண்மை.

அந்த ஆள் என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, நான் பொறுப்புன்னு நீங்க கையெழுத்துப் போடுறீங்களா? இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறேன்."

பேனாவை வாங்கினேன். வாங்கிவிட்டு நின்றேன். மானேஜர் துரையைக் கேட்காமல் தோட்டத்து ஆளுக்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது? இதைவிடச் சின்னக் குற்றத்துக்கெல்லாம் வேலையைவிட்டே அனுப்பிக்கொண்டிருந்த காலம். வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம்.

"சார், யாரும் வெளிய நிக்கச் சொல்ல முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் அவள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

கையெழுத்துப் போட்டேன். மலேரியா, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பையன் போய்விட்டால் அவன் அப்பன் என்னை வெட்டுவான், பிழைத்தால் துரை என்னை வெட்டுவார் என்று கிடந்தேன். பையன் பிழைத்தான். துரை, கணக்கெழுதும் கிராணியை வைத்துக்கொண்டே என்னைக் கிழி கிழி என்று கிழித்தார். வேலை எப்படியோ தப்பியது.

அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கு வந்ததும், பாலத்தில் எடுத்த கொட்டையை அவளிடம் கொடுத்தேன். இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

"அங்க இத வாங்கிக்கல, சார். அப்ப பந்து விளையாடுற பாடாங்குக்கு வச்சுக்கலாமா?"

வகுப்பே சிரித்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்தப் பாடத்தை, சீட்டையும் சேர்த்தே, நடத்திவிட்டேன். ஆனாலும் 'நம்ம ஆஸ்பத்திரி' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்து நின்ற நேரம் முழுவதும் அந்தப் பிள்ளை தம்பியோடு வெளியேதான் உட்கார்ந்திருந்தாள் என்பது நினைவுக்கு வந்து, என் குரல் தானாக இறங்கிவிடுகிறது.