உளுந்துக்கும் மல்லாட்டைக்கும் நடுவில் லூர்துமேரி

மேரியின் புருஷன் சூசையின் போன் வந்தபோது கடையில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கிரைண்டரை நிறுத்திவிட்டு, "என்ன சொன்ன?" என்றேன். "மேரி போயிட்டா, அக்கா" என்றார். எங்கே போனாள் என்று கேட்டுவிட்டேன். அவர் அழுதபோதுதான் புரிந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் அவளுக்கு அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

மில்லில் எங்களோடு இருந்தவர்களுக்கு லூர்துமேரியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நூல் பிரிவில் எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. மில்லை மூடியபோது ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் முத்தியால்பேட்டையில் இந்த இட்லி மாவுக் கடையைப் போட்டேன். அவள் அடுத்தவர் வயலில் களை பறித்து வளர்ந்த குடும்பத்துப் பெண். ஒருமுறையாவது தன் விதையைத் தானே விதைக்க வேண்டும் என்றாள். கனகசெட்டிக்குளம் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். சூசை லோடு ஆட்டோ ஓட்டினார். நிலம் மேரியின் பொறுப்பு. தினமும் பஸ்ஸில் போய் வருவாள்.

சம்பா அறுப்பு நெருங்கும்போது என் கடைக்கு வருவாள். அடுத்து உளுந்தா, மல்லாட்டை என்கிற நிலக்கடலையா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் அது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு முதலில் கேட்பது, "உளுந்து இன்னா வெலக்கா வாங்கின?" என்பதுதான். நான் விலையைச் சொல்வேன். பிறகு சொல்வாள்: "நான் விக்கிற வெலைக்கும் நீ வாங்குற வெலைக்கும் நடுவுல யாருக்கா குந்தினு இருக்கான்? அவன ஒரு நாள் பாக்கணும்."

எங்கள் சிநேகம் விசித்திரமானது. உளுந்து விலை ஏறினால் எனக்குக் கஷ்டம், இறங்கினால் அவளுக்குக் கஷ்டம். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த வருஷம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

ஒரு வருஷம் உளுந்து தாறுமாறாக ஏறியது. மாவு விலையை ஏற்றிவிட்டு வாடிக்கையாளர்களிடம் நான் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மேரி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "இந்த வாட்டி மொத்தமும் உளுந்துதான். அக்கம்பக்கம் எல்லாரும் அதத்தான் வெதைக்கிறாங்க."

உடன் வந்த சூசை, "எல்லாரும் வெதைக்கிறாங்கன்னாதான் எனக்கு பயமா கீது. பாதி மல்லாட்ட போடுவோம்" என்றார். அவள் கேட்கவில்லை. மல்லாட்டை போட்டு முந்தின வருஷம் பட்ட அடி அவளுக்கு ஆறியிருக்கவில்லை.

விளைச்சல் குறை சொல்ல முடியாதபடி வந்தது. ஆனால் அறுப்பு முடிவதற்குள் வெளிநாட்டு உளுந்து கப்பலில் வந்து இறங்கிவிட்டது என்றார்கள். விவசாயிகள் கமிட்டி என்று சொல்லும் விற்பனைக்கூடத்துக்கு மூட்டைகளை ஏற்றிப் போனாள். வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்தார், திரும்பக் கொட்டினார், ஒரு விலை சொன்னார். விதைக்கும்போது இருந்ததில் பாதிகூட இல்லை. "குடுக்க மாட்டேன்" என்று எல்லாவற்றையும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தாள். விலை ஏறும் என்று காத்திருந்தாள். ஏறவில்லை. வண்டு விழுந்தது. கடைசியில் வியாபாரி சொன்னதைவிடக் குறைத்துத் தள்ளிவிட்டாள்.

அந்த வாரம் அவள் வந்தபோது, மலிவாகக் கிடைத்த புது உளுந்து மூட்டைகள் என் கடையில் அடுக்கியிருந்தன. மறைக்க இடமில்லை. மேரி ஒரு மூட்டையைத் தடவிப் பார்த்தாள். "உனக்காச்சும் நல்லதாச்சேக்கா" என்றாள். கேலி இல்லை. மனதாரத்தான் சொன்னாள். அதனால்தான் தாங்க முடியவில்லை.

மறு வருஷம் பயந்து மல்லாட்டைக்குப் போனாள். அந்த வருஷம் உளுந்து ஏறியது. மல்லாட்டையைப் பிடுங்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கோயிலில் போய் வேண்டிக்கொள் என்றேன். "மாதாகிட்ட மழைய நிறுத்தச் சொல்லலாம். வெலயப் பத்திக் கேட்டா அவங்களுக்கு இன்னா தெரியும் பாவம்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒரு தை மாதம் அவள் வந்து மூட்டை மேல் உட்கார்ந்தாள். விலை கேட்கவே இல்லை. நானாகத்தான் கேட்டேன்: "இந்த வாட்டி இன்னா மேரி?"

"ஒண்ணும் இல்லக்கா. குத்தகைய வுட்டுட்டேன். இத வெச்சா அது ஏறுது, அத வெச்சா இது ஏறுது. யோசிச்சு யோசிச்சு மண்டைல ஒண்ணும் இல்ல."

விடுதி வேலைக்குச் சேர்ந்த பிறகு உடம்பு கொஞ்சம் தேறினாள். சம்பளம் ஒழுங்காக வருகிறது என்றாள். "காலைல எழுந்தா வானத்தப் பாக்க வேண்டியதில்ல. அதான் எதுக்கு எழுந்தோம்னு தெரியல" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் அவளுடைய பக்கத்து நிலத்துக்காரர்கள் சிலர் மதிலோரம் நின்றிருந்தார்கள். மண் போட்டுவிட்டு வந்த கையோடு, மெல்லிய குரலில், இந்தப் பருவம் என்ன போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. உடனே வடிந்தும் போனது. அவர்களுக்கு வேறு எந்தப் பேச்சு இருக்கிறது? யாருக்கும் பதில் தெரியவில்லை. ஒருவர், "மேரியக் கேட்டிருக்கலாம்" என்றார். "அவளுக்கு மட்டும் தெரிஞ்சுதா?" என்றார் இன்னொருவர்.

அவளோடு நான் கடைசியாகச் சேர்ந்து போனது காலாப்பட்டில் ஒரு கல்யாணத்துக்கு. பேச்சு சுவாரசியத்தில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டோம்; பஸ் கனகசெட்டிக்குளத்துப் பக்கம் போய்விட்டது. அவள் குத்தகையை விட்டுவிட்ட நிலம் முள் மண்டிக் கிடந்ததை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். மேரி தலையைக் குனிந்து, மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, தலை நிமிராமலே கேட்டாள்:

"தாண்டிடுச்சாக்கா?"

"தாண்டிடுச்சு" என்றேன்.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான்.