வெயிலில் உலர்த்திய கரி

சில ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஐப்பசி. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் விடுமுறையில் ஓய்ந்திருந்தன. தாயில்பட்டியை அடுத்த எங்கள் ஊரில், அண்ணன் மறைந்தபின் மதினி தனியாய் இறங்கிய முதல் மிளகாய் வெள்ளாமை அது. பொய்த்தால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கூலிக்கு ஆள் ஏற்றிப்போகும் ஆலை வேனில் ஏறுவதன்றி அவருக்கு வேறு வழியில்லை.

மிளகாய்க்கு உரமாக இட, வேலிக்கருவேலக் கரியை நொறுக்கிச் சாணக் கரைசலில் ஊறவைத்து, சோளக்கொல்லையின் வேர்மண்ணும் கலந்து, வேப்பமர நிழலில் ஒரு குழியில் மூடி வைத்திருந்தார். வேளாண் பயிற்சியில் கற்றுவந்த முறை. மகளின் பேறுகாலத்துக்காக விருதுநகர் புறப்பட்டபோது, "குழியையும் நாத்தையும் பாத்துக்கோங்க. மூணு நாள்ல வந்துருவேன்" என்றார்.

நானோ இருபது ஆண்டுகள் ஆலையில் பட்டாசு மருந்துக்குக் கரித்தூள் சலித்தவன். ஈரக் கரி எங்களுக்குக் கெட்ட கரி. மறுநாள் குழியைத் திறந்தால், சொதசொதத்த கரியில் வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன. பதறிப்போய், சுள்ளென்ற வெயிலில் தார்ப்பாய் விரித்து வாரி வாரி உலர்த்தினேன்; உலர்ந்ததைச் சலித்தும் வைத்தேன். முக்கால் குழி காலியாயிற்று. மதினி மகிழ்வார் என்றே நம்பினேன்.

திரும்பி வந்தவர் தூளை அள்ளிப் பார்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன கொழுந்தனாரே, மிளகாச் செடிக்குத் திரி வைக்கப் போறீகளா?"

"பூஞ்சை பிடிச்சிருந்துச்சு மதினி."

"பிடிச்சா பிடிக்கட்டுமே. அதுல இருந்தது அம்புட்டும் உசிரு. வறுத்துப் போட்டீகளே."

பிறகுதான் விளக்கினார். நான் கண்ட இழைகள் மட்கச் செய்பவை. வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சையோ கண்ணுக்கே தெரியாது. வேர் எட்டாத இடத்துச் சத்தையும் அது செடிக்குக் கொண்டுவந்து ஊட்டும். கரியின் நுண்துளைகள் அதற்குக் குடியிருப்பு. சத்தில் ஊறி முடியாமல் உலர்ந்த கரியோ மண்ணில் இருக்கும் சத்தையும் தானே பிடித்து வைத்துக்கொள்ளும்.

நாற்று முற்றிக்கொண்டிருந்தது, மறுபடி ஊறவைக்க நாளில்லை. எஞ்சிய ஈரக் கரியை நிலமெங்கும் இறைக்காமல், நான் குழி பறிக்கப் பறிக்க, நாற்றுக்கு ஒரு பிடியாக மதினி வைத்துக்கொண்டே வந்தார். கடைசி நான்கு வரிசைகளுக்கு அது போதவில்லை.

"அங்கன உங்க மருந்தையே போடுங்க, பாப்போம்" என்றார்.

மார்கழியில் மற்றச் செடிகள் கரும்பச்சையாய்ப் பூத்து நிற்க, அந்நான்கு வரிசைகள் மட்டும் வெளிறிக் குறுகி நின்றன. போவோர் வருவோருக்கெல்லாம், "இது கொழுந்தன் வரிசை" என்று காட்டிச் சிரித்தார் மதினி. அண்ணன் மறைந்தபின் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். விளைச்சல் கைகொடுத்தது, ஆலை வேனில் அவர் ஏறவேயில்லை.

இன்றும் ஈரத்தைக் கண்டால் உலர்த்தத்தான் என் கை முந்துகிறது. ஆனால் எனக்குப் பழுதாகத் தெரிவது பிறர்க்குப் பயிராக இருக்கலாம் என்றெண்ணி, உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே தொடுகிறேன்.